‘டெஃபர்’ என்று பதில் வந்துவிட்டதா? முதலில் மற்ற விண்ணப்பங்களை முடியுங்கள்

கேள்வி: மகள் நியூ ஜெர்சியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நவம்பர் 1க்குள் ஏர்லி டிசிஷனில் (இடம் கிடைத்தால் கட்டாயம் சேர வேண்டிய முன்கூட்டிய சுற்று) விண்ணப்பித்த கல்லூரி, டிசம்பர் நடுவில் ‘டெஃபர்’ என்று சொல்லிவிட்டது. ஒரே அழுகை. நான் கல்லூரிக்கு போன் செய்து பேசலாமா?

பதில்: வேண்டாம். கல்லூரியோடு பேச வேண்டியவர்கள் இரண்டே பேர்: உங்கள் மகள், அவளுடைய பள்ளி கவுன்சிலர்.

டெஃபர் என்பது நிராகரிப்பு இல்லை. விண்ணப்பம் ரெகுலர் சுற்றுக்கு, அதாவது வழக்கமான பொதுச் சுற்றுக்குப் போகிறது. முடிவு மார்ச் இறுதிவாக்கில் வரும். மறுபடி விண்ணப்பிக்கவோ கட்டணம் கட்டவோ வேண்டாம். ‘இடம் கொடுத்தால் கட்டாயம் சேருவேன்’ என்று போட்ட கையெழுத்தும் இனி கட்டுப்படுத்தாது. ஆனால் போட்டி கடுமையான கல்லூரிகளில் டெஃபர் ஆனவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசியில் இடம் கிடைப்பதில்லை. அதனால் முதல் வேலை அந்தக் கல்லூரி அல்ல, மற்றவை.

பல கல்லூரிகளுக்கு ரெகுலர் கெடு ஜனவரி முதல் வாரத்தில் முடிகிறது. ஏர்லியில் கிடைத்துவிடும் என்று நம்பி மற்ற கட்டுரைகளைத் தொடாமல் வைத்திருந்த பிள்ளைகள் அடிபடுவது இங்கேதான். கிடைக்க நல்ல வாய்ப்புள்ள இரண்டு மூன்று கல்லூரிகளாவது பட்டியலில் இருக்கட்டும்.

சில கல்லூரிகளில் ஏர்லி டிசிஷன் 2 என்ற இரண்டாவது முன்கூட்டிய சுற்று உண்டு. கெடு பெரும்பாலும் ஜனவரித் தொடக்கம், முடிவு பிப்ரவரி நடுவாக்கில். அதில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். டெஃபர் செய்த கல்லூரியிலிருந்து விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும். பல கல்லூரிகளின் நிதியுதவியை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியும் போய்விடும். ஆகவே கையெழுத்துப் போடுமுன் அந்தக் கல்லூரித் தளத்தில், நிதியுதவி போக நீங்கள் சுமாராக எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று காட்டும் ‘நெட் பிரைஸ் கால்குலேட்டரில்’ கணக்குப் பாருங்கள்.

அடுத்தது, டெஃபர் செய்த கல்லூரிக்கு மகள் எழுதும் கடிதம். செய்தி வந்த அன்றே அழுதுகொண்டே எழுதுவது உதவாது. முதலில் போர்ட்டலில் (விண்ணப்பித்தவர்களுக்கான கல்லூரியின் இணையப் பக்கம்) என்ன கேட்டிருக்கிறார்கள் என்று படிக்கட்டும். அமெரிக்காவின் எம்ஐடி போன்ற இடங்களில் புதிய விவரங்களைச் சொல்ல பிப்ரவரி படிவம் உண்டு. எதுவும் அனுப்ப வேண்டாம் என்றால் அனுப்பவே வேண்டாம். தடை இல்லையென்றால் ஜனவரி பிற்பாதியில் ஒரே ஒரு கடிதம், 300 முதல் 400 சொற்களுக்குள்.

தொடக்கத்திலேயே விருப்பம் மாறவில்லை என்று சொல்லலாம். ‘நிச்சயம் சேருவேன்’ என்ற வாக்கை ஒரே கல்லூரிக்குத்தான் கொடுக்கலாம். பிறகு, நவம்பருக்குப் பின் நடந்தவை மட்டும். ‘சேவையில் ஆர்வம் அதிகம்’ என்பதில் ஒன்றுமே இல்லை. ‘டிசம்பரிலிருந்து நூலகத்தில் வாரம் 4 மணி நேரம், 12 சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன்’ என்பதில் செய்தி இருக்கிறது. பழைய கட்டுரையைத் திருப்பிச் சொல்வது, ஏன் எடுக்கவில்லை என்று கேட்பது, கேட்காத சிபாரிசுக் கடிதங்களைக் குவிப்பது எல்லாம் கெடுக்கும். (இனிப்புப் பெட்டி பார்சலும்தான்!)

கடிதத்தைவிடக் கனமானது அரையாண்டு மதிப்பெண். கவுன்சிலர் ‘மிட்-இயர் ரிப்போர்ட்டை’ அனுப்பியதைப் போர்ட்டலில் சரிபார்க்கச் சொல்லுங்கள். டெஃபர் சோர்வில் படிப்பு சரிந்தால் அது அந்தத் தாளில் அப்படியே தெரியும், எல்லாக் கல்லூரிகளுக்கும்.

அழுகைக்கு இரண்டு நாள் விடுங்கள். பொங்கலுக்கு வரும் சொந்தங்கள் “எங்கே கிடைச்சது?” என்று கேட்பார்கள். என்ன சொல்வது என்பதை மகளே முடிவு செய்யட்டும். வீட்டில் எல்லோரும் அதையே சொல்லுங்கள். “ரிசல்ட் மார்ச்லதான்” என்பதே போதும், பொய்யும் இல்லை.