டொல்பின் வானில் கரும்புகை: என்ஜினைக் கழற்ற முன்

தம்பி, கட்டில் போட்டு மாற்றிய உங்கள் பழைய டொல்பின் வான் (டொயோட்டா ஹையேஸ்) புகைச் சோதனையில் தவறியதால் என்ஜினைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். முதலில் எயார் பில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள். எங்கள் செம்மண் புழுதியில் அது சீக்கிரம் அடைத்துவிடும். காற்றுப் போதாவிட்டால் டீசல் முழுதாக எரியாமல் கரும்புகைதான் வரும். அது சரியென்றால், என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நொசில்களைக் கழற்றி, டீசல் பம்ப் திருத்தும் கடையில் சோதிக்கக் கொடுங்கள். டீசல் பனிமூட்டம்போலச் சிதறவேண்டும், சொட்டக்கூடாது.

சோதனையில் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிப்பார்கள். டைமிங் பெல்ட் பழசென்றால் முன்னமே மாற்றிவிடுங்கள், அறுந்தால் செலவு தாங்காது. அப்புறம், போகிற அன்று சாவகச்சேரி வரை ஓடிவிட்டு, என்ஜின் சூட்டோடேயே கொண்டுபோங்கள். என்ஜின் ஒயில் எரிந்து நீலப்புகை வந்தால் மட்டும் என்ஜினைக் கழற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.