மகன் இரவெல்லாம் கெர்னல் கம்பைல் செய்கிறார்: இதில் வேலை இருக்கிறதா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் கவலையும் இருக்கிறது, மகன்மீது நம்பிக்கையும் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு இ.சி.இ. படிக்கும் அவர் லேப்டாப்பில் லினக்ஸ் கெர்னலை மூல நிரலிலிருந்து கம்பைல் செய்துகொண்டே இருக்கிறார், விடிய விடிய ஃபேன் இரைகிறது, கேட்டால் "செட்டிங்ஸ் மாற்றிப் பார்க்கிறேன்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இது படிப்பா, பொழுதுபோக்கா என்பது உங்கள் முதல் கேள்வி. இதை நிறுத்திவிட்டுப் பணம் கட்டி ஒரு பயிற்சி வகுப்பில் சேர்த்துவிடலாமா என்பது இரண்டாவது.

அவர் என்ன செய்கிறார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது லினக்ஸ் கெர்னல்; கணினியின் வன்பொருளையும் அதில் ஓடும் நிரல்களையும் இணைத்து நடத்தும் மைய மென்பொருள் அது. மூல நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றுவதுதான் கம்பைல் செய்வது. இன்று ஆண்ட்ராய்டு போன்களிலும், பல வீட்டு வைஃபை ரூட்டர்கள், ஸ்மார்ட் டிவிகள், கார் திரைகளிலும் அது இருக்கிறது. உலகின் 500 அதிவேக சூப்பர் கணினிகள் அத்தனையும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் இயங்குகின்றன. சில மெகாபைட் நினைவகம் உள்ள கருவிக்கும் ஒரு மண்டபம் நிறைய நிற்கும் கணினிக்கும் ஒரே மூல நிரல் பொருந்துகிறது என்றால், கம்பைல் செய்வதற்கு முன் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார். அப்படிப்பட்ட தேர்வுகள் பத்தாயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவற்றுக்கு மூன்று விடைகள் உண்டு: கெர்னலுக்குள்ளேயே சேர், தேவைப்படும்போது ஏற்றும் தனித் துண்டாக (மாட்யூல்) வை, வேண்டாம். எல்லா விடைகளும் ‘டாட் கான்ஃபிக்’ என்ற ஒரே கோப்பில் எழுதப்படும். உங்கள் மகன் இரவில் உட்கார்ந்து மாற்றுவது அந்தக் கோப்பைத்தான்.

இந்த வேலையைச் செய்வதற்கென்றே நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருக்கின்றன. அதனால் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடாதீர்கள். ஆனால் வேலைக்குத் தயாராகிவிட்டார் என்றும் இப்போதே சொல்ல முடியாது. இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை வரிசையாக ஒட்டினால் யாருடைய கணினியிலும் கெர்னல் கம்பைல் ஆகிவிடும். நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியும். மாற்றிய ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்ல முடிகிறதா என்றுதான் அவர் பார்ப்பார். நீங்களும் அதையே கேட்டுப் பாருங்கள். இன்று இரவு சாப்பிடும்போது, "கடைசியாக எதை மாற்றினாய்? ஏன் மாற்றினாய்? மாற்றியதால் என்ன ஆனது?" என்று கேளுங்கள். பதில் உங்களுக்குப் புரியாமல் போகலாம். அவர் தயங்காமல் சொல்கிறாரா என்பது புரிந்துவிடும்.

இனி வரும் பகுதியை மகனிடம் படிக்கக் கொடுங்கள்.

தம்பி, ஹார்ட் டிஸ்க்கை இயக்கும் டிரைவரையும் அதில் கோப்புகளை அடுக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையையும் மாட்யூலாக வைத்துவிட்டு, இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது முதலில் நினைவகத்தில் ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) இல்லாமல் பூட் செய்து பார்த்திருக்கிறீர்களா? ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று சொல்லிக் கெர்னல் அப்படியே நின்றுவிடும். டிஸ்க்கைப் படிக்கத் தேவையான மாட்யூல் அந்த டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது, அதை எடுக்க வழியில்லை. பலரும் இந்த இடத்தில் பழைய கெர்னலுக்குத் திரும்பிவிட்டு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் அங்கேயே நின்று, பூட்லோடர் (கெர்னலை நினைவகத்தில் ஏற்றும் நிரல்) எதை ஏற்றுகிறது, இனிட்ராம்எஃப்எஸ் ஏன் நடுவில் வருகிறது, உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகங்களின் கெர்னல்கள் ஏன் அதை நம்பியிருக்கின்றன என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எம்பெடட் லினக்ஸ் (கருவிகளுக்குள் பதிந்து இயங்கும் லினக்ஸ்) நேர்முகத் தேர்வில் பூட் வரிசையைக் கேட்காமல் விடுவது அரிது.

‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ கட்டளையைக் கட்டாயம் பழகுங்கள். அந்த நேரத்தில் கணினியில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களை நீக்கிவிடும். கம்பைல் நேரம் பல மடங்கு குறையும். ஆனால் அப்போது பென்டிரைவ் செருகப்படாமல் இருந்தால், அதற்கான மாட்யூலும் போய்விடக்கூடும். புதிய கெர்னலில் பென்டிரைவைச் செருகினால் அசையாது. இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தவர், கருவிக்கும் டிரைவருக்கும் உள்ள உறவைப் புரிந்துகொண்டவர் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

உபுண்டுவின் கான்ஃபிக் கோப்பை நகலெடுத்து, கெர்னல் தளத்திலிருந்து இறக்கிய நிரலைக் கம்பைல் செய்திருந்தால் இன்னொரு பிழையைச் சந்தித்திருப்பீர்கள்: உபுண்டுவை வெளியிடும் கனோனிகல் நிறுவனத்தின் சான்றிதழ் கோப்பு இல்லை என்று பாதியில் நிற்கும். நம்பகச் சாவிகளுக்கான வரியை முடக்கினால் தீர்ந்துவிடும் என்று தேடினாலே விடை கிடைக்கும். கிடைத்ததும் ஒட்டிவிட்டுப் போகாதீர்கள். அந்த வரி எதற்காக இருந்தது? மாட்யூல்களுக்குக் கையொப்பம் எதற்கு? முடக்கியதால் எந்தப் பாதுகாப்பை இழந்தீர்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கு விடை தேடினால், ஒரு பிழைச் செய்தியிலிருந்தே கணினிப் பாதுகாப்பின் ஒரு பகுதியைக் கற்றுக்கொள்வீர்கள்.

நேரம் கிடைத்தால் ஒரு மெய்நிகர் கணினியில், லினக்ஸ் அல்லாத வேறொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியையும் கட்டிப் பாருங்கள். அங்கே கெர்னலோடு அடிப்படைக் கருவிகளும் ஒரே மூல நிரல் தொகுப்பில் வருகின்றன. எதை விட்டுவிடுவது என்பதை ‘எஸ்ஆர்சி.கான்ஃப்’ கோப்பில் எழுத வேண்டும். அதில் ‘விதவுட்’ என்று தொடங்கும் ஒரு வரியைப் போட்டு, எதிரே ‘நோ’ என்று எழுதினாலும் அந்தப் பகுதி நீக்கப்பட்டுவிடும். வரி இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், மதிப்பைப் பார்க்காது. கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஊகத்தை நம்பாமல் கையேட்டைத் திறக்கும் பழக்கம் இந்தத் துறையில் உங்களைக் கடைசிவரை காப்பாற்றும்.

மாற்றங்களைப் பதிவுசெய்யாமல் விடாதீர்கள், இதை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். கான்ஃபிக் கோப்பை ‘கிட்’ என்ற, மாற்றங்களைப் பதிவுசெய்யும் மென்பொருளில் வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பத்தி: முன்பு கெர்னல் அளவு எவ்வளவு, இப்போது எவ்வளவு, பூட் ஆகும் நேரம் எவ்வளவு மாறியது, எது உடைந்தது. மூல நிரலோடு வரும் ‘டிஃப்கான்ஃபிக்’ கருவி இரண்டு கோப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் காட்டும். ‘லினக்ஸ் தெரியும்’ என்று ரெஸ்யூமேயில் எழுதுவதைவிட அந்தப் பதிவேட்டுக்கான ஒரு இணைப்பு உங்களுக்காக அதிகம் பேசும்.

அடுத்த படி, வேறொரு செயலிக்காகக் கட்டுவது. கியூஎமு எமுலேட்டரில் ரிஸ்க்-ஃபைவ் (யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த செயலிக் கட்டமைப்பு) கணினியை உருவாக்கி, உங்கள் லேப்டாப்பிலிருந்தே அதற்கான கெர்னலை கிராஸ் கம்பைல் செய்யுங்கள். பைசா செலவில்லை. ஐஐடி மெட்ராஸின் சக்தி செயலிகள் இந்த ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பைச் சேர்ந்தவை என்பதால், இறுதியாண்டு புராஜெக்டுக்கும் நல்ல பாதை. பிறகு, கருவிகளுக்கான முழு லினக்ஸ் அமைப்பையே கட்டித்தரும் பில்ட்ரூட், அதன்பின் யோக்டோ. யோக்டோவில் ‘லோக்கல்.கான்ஃப்’ கோப்பில் ஒரு ‘மெஷின்’ வரியை மாற்றினால் இலக்குக் கருவியே மாறிவிடும். இணையாக எத்தனை வேலைகள் ஓட வேண்டும் என்ற அமைப்பைக் கவனியுங்கள். ஒரு வேலைக்கு 2 ஜிபி ராம் என்று, மூல நிரலிலிருந்து கட்டப்படும் லினக்ஸ் விநியோகமான ஜென்டூவின் கையேடு சொல்லும் கணக்கு இங்கேயும் உதவும். 8 ஜிபி லேப்டாப்பில் எட்டு வேலைகளை ஓடவிட்டால் நினைவகம் தீர்ந்து, கம்பைலர் நடுவிலேயே கொல்லப்படக்கூடும். நிரலில்தான் கோளாறு என்று நினைத்து நாள் முழுக்கத் தேடுவீர்கள்.

ஐயா, மீண்டும் உங்களிடம். வேலைவாய்ப்பு பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். எம்பெடட் லினக்ஸ், போர்டு சப்போர்ட் பேக்கேஜ் (ஒரு போர்டில் லினக்ஸை ஓடவைக்கும் மென்பொருள் தொகுப்பு), பில்ட் அண்ட் ரிலீஸ் என்ற பெயர்களில் இந்த வேலைகள் இருக்கின்றன. சிப் தயாரிப்பு, வாகன மின்னணுவியல், தொலைத்தொடர்புக் கருவிகள், மருத்துவக் கருவிகள் ஆகிய துறைகள்தான் முக்கியமானவை. பெங்களூரு முதலிடம். ஹைதராபாத், சென்னை, கோயம்புத்தூரிலும் உண்டு. குவால்காம், டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ், என்எக்ஸ்பி, பாஷ் போன்ற நிறுவனங்கள் இந்தத் துறையில் இருக்கின்றன. ஆனால் மென்பொருள் சேவை நிறுவனங்களைப்போல ஒரே கல்லூரியிலிருந்து நூற்றுக்கணக்கில் எடுப்பதில்லை. இடங்கள் குறைவு, சி மொழியில் எதிர்பார்ப்பு அதிகம். பாயின்டர், பிட் செயல்பாடுகள் தடுமாறினால் கெர்னல் அனுபவம் கைகொடுக்காது. இ.சி.இ. மாணவர் என்பதில் ஒரு நன்மை இருக்கிறது: சிப்புகள் ஒன்றோடொன்று பேசும் ஐ2சி, எஸ்பிஐ, யுஆர்ட் முறைகள் எல்லாம் அவர் பாடத்திலேயே இருப்பவை. சர்க்யூட் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு, போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ எளிதில் பிடிபடும்.

அரியர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நிலுவைப் பாடங்கள் இருந்தால் பல நிறுவனங்கள் முதல் சுற்றிலேயே பெயரை நீக்கிவிடும். பதிவேட்டைப் பார்க்க யாருக்கும் வாய்ப்பே வராது. அதனால் தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்கள் கெர்னலைத் தொடக்கூடாது என்று அவரோடு பேசி முடிவெடுங்கள். ஆப்டிட்யூட் பயிற்சியும் தினமும் ஒரு மணி நேரம் நடக்கட்டும். இடங்கள் குறைவான துறையை நம்பியிருப்பவருக்கு மாற்று வழியும் தேவை.

பயிற்சி வகுப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். லினக்ஸ் ஃபவுண்டேஷன் கெர்னல் உருவாக்கத்துக்கான தொடக்கநிலைப் பாடத்தை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. பூட்லின் என்ற பிரெஞ்சு நிறுவனம் எம்பெடட் லினக்ஸ், யோக்டோ பயிற்சிகளுக்கான பாடப் பொருளை முழுமையாக வெளியிட்டிருக்கிறது. அந்தப் பணத்தில் ராமை 16 ஜிபி ஆக்கி, ஒரு பெரிய எஸ்எஸ்டியும் ஒரு ராஸ்பெர்ரி பை போர்டும் வாங்கிக்கொடுங்கள். முழு ஆண்ட்ராய்டையும் கட்டப்போகிறேன் என்று அவர் கேட்டால் இப்போதைக்கு மறுத்துவிடுங்கள். அதற்கு 400 ஜிபி இடமும் 64 ஜிபி ராமும் வேண்டும் என்று கூகுளே சொல்கிறது.

அந்த லேப்டாப்பில்தான் குடும்பப் புகைப்படங்களும் வங்கி ஆவணங்களும் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். இந்த வாரமே அவற்றை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். சோதனைகளை மெய்நிகர் கணினியில் செய்யவும், நன்றாக ஓடும் பழைய கெர்னலை பூட் பட்டியலிலிருந்து நீக்காமல் வைத்திருக்கவும் மகனிடம் சொல்லுங்கள்.

இந்த செமஸ்டர் முடிவு வந்ததும் அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலோடு, மாற்றிய கான்ஃபிக் வரிகளையும் அவற்றின் காரணங்களையும் இணைக்கட்டும். இன்டர்ன்ஷிப்புக்கு எங்கெங்கே விண்ணப்பிக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.