எல்லாரையும் ஊதச் சொல்லலாமா? சிஓபிடி கண்டறிதல் பற்றிக் கேள்வி பதில்

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் உள்ள பலருக்கு அந்தப் பெயரே தெரியாது. "எனக்குக் கொஞ்சம் இளைப்பு, வயசாச்சு இல்லையா" என்பதோடு சரி. ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை செய்கிறவர்களும், வீட்டில் இருமும் பெரியவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

எங்கள் சுகாதார நிலையத்துக்கு ஸ்பைரோமீட்டர், அதாவது குழாயில் ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் கருவி, வந்திருக்கிறது. 40 வயது தாண்டிய எல்லாருக்கும் ஒரே நாளில் முகாம் போட்டுப் பரிசோதிக்கலாம் என்று நினைக்கிறோம். சரிதானே?

வேண்டாம். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை ஊதவைத்துக் கண்டுபிடிப்பதால் அவர்களுக்குப் பலன் கிடைக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016-இல் அப்படித்தான் சொன்னது. 2022-இல் மறுபடி அலசிவிட்டும் அதையே சொன்னது. நேரக் கணக்கும் இடிக்கும். ஒருமுறை ஊதவைத்து, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து, மறுபடி ஊதக் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒருவருக்கு ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். ஒரு கருவி, ஒரு செவிலியர் என்றால் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரே நாளில் இருநூறு பேரை உட்காரவைத்தால் இருநூறு அரைகுறை ஊதல்தான் மிஞ்சும்.

ஆனால் தொந்தரவு உள்ளவர்களைத் தேடிப் பிடிப்பது வேறு வேலை. அதைக் கட்டாயம் செய்யுங்கள். ஓபி நோட்டைப் புரட்டினாலே பாதிப் பேர் கிடைப்பார்கள். மழைக்காலத்திலும் மார்கழிப் பனியிலும் நெஞ்சுச் சளிக்கு ஆன்டிபயாடிக் வாங்கிப்போன அதே பெயர் இரண்டு மூன்று தடவை வந்திருக்கும். அடுத்தது சர்க்கரை, பிரஷர் போன்ற தொற்றா நோய்களுக்கான ஆபத்தைக் கணிக்கும் சிபேக் படிவம். 30 வயது தாண்டியவர்களுக்கு நிரப்பும் அந்தத் தாளில் இருமல், மூச்சுத்திணறல், சமையல் எரிபொருள், தூசி புகை வேலை எல்லாம் ஏற்கெனவே கேட்கப்பட்டிருக்கிறது. சர்க்கரை, பிரஷர் கட்டங்களைப் பார்த்துவிட்டு மற்றதை மடித்து வைத்துவிடுகிறோம். தொந்தரவும் புகைப் பழக்கமோ புகைச் சூழலோ சேர்ந்து இருப்பவர்களை மட்டும் பிரித்தெடுத்து, வாரத்தில் ஒரு நாள் ஆறேழு பேராக வரச்சொல்லுங்கள்.

என் மாமியாருக்கு 58 வயது. பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. காலையில் ஒரு மணி நேரம் இருமுகிறார். இவருக்குமா இந்த நோய் வரும்?

வரும். விறகடுப்பும் சாணி வரட்டியும் எரிகிற, புகைபோக்கி இல்லாத அடுப்படியில் முப்பது வருடம் சமைத்தவரின் நுரையீரல், புகைபிடித்தவரின் நுரையீரலைப் போலவே கெட்டுப்போகலாம். ஒரு கணக்குப் போடுங்கள்: நாளுக்கு எத்தனை மணி நேரம் அடுப்பு முன்னால் இருந்தார், எத்தனை வருடம்? இரண்டையும் பெருக்குங்கள். 4 மணி நேரம், 30 வருடம் என்றால் 120. மைசூர் வட்டாரக் கிராமப் பெண்களிடம் நடந்த ஆய்வில் நாள்பட்ட மார்புச்சளி நோய்க்கான ஆபத்து எல்லையாக வந்த எண் 60. கேஸ் அடுப்பு வந்து பத்து வருடம் ஆகியிருந்தாலும் பழைய கணக்கு அழிவதில்லை. வெந்நீருக்கு மட்டும் இன்னும் விறகு எரிகிறதா என்றும் பாருங்கள். பல வீடுகளில் எரிகிறது.

ஒன்று கவனியுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் முதலில் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை. அது இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஊதும் பரிசோதனை. காசநோய் உள்ளவர் அந்தக் குழாயில் ஊதினால் அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஆபத்து. கூடவே ஹீமோகுளோபினையும் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 7 கிராம் ரத்தத்தோடு நடப்பவருக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

"மூச்சு வாங்குமா?" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்கிறார்கள். கேள்வித்தாளில் மதிப்பெண் ஏறுவதே இல்லை. (கிராம சுகாதார செவிலியர்)

அவர்கள் பொய் சொல்லவில்லை. மூச்சு வாங்கும் வேலையை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். குடத்தை மருமகள் எடுக்கிறாள், சந்தைக்கு மகன் போகிறான், கோயில் படியேறுவதை விட்டே மூன்று வருடம் ஆகிறது. எதை விட்டுவிட்டார்கள் என்று கேளுங்கள். "போன பொங்கலுக்குச் செய்த எந்த வேலையை இப்போது செய்வதில்லை?" "உங்கள் வயதுக்காரர்களோடு நடந்தால் அவர்கள் உங்களுக்காக நிற்கிறார்களா?" "பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா?" பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் முகத்தையும் பாருங்கள். பதில் அங்கேதான் முதலில் தெரியும்.

பீடிக் கணக்கையும் விடாதீர்கள். நாளுக்கு 20 சிகரெட் வீதம் ஒரு வருடம் என்றால் ஒரு பாக்கெட்-வருடம். பீடி சின்னது என்று கழிக்க வேண்டாம், ஒன்றுக்கு ஒன்றாகவே எண்ணுங்கள். நாளுக்கு 15 பீடி, 24 வருடம் என்றால் 15-ஐ 20-ஆல் வகுத்து 24-ஆல் பெருக்க, 18. "விட்டுட்டேன்" என்பவரிடம் எப்போது விட்டார் என்பது அடுத்த கேள்வி. போன வாரமாக இருக்கும்.

கேள்வித்தாளை மட்டும் நம்பவும் கூடாது. அமெரிக்காவில் 'கேப்சர்' என்ற ஐந்து கேள்விகளையும் பீக் ஃப்ளோ அளவையும் (ஊதும்போது காற்று வெளியேறும் உச்ச வேகம்) சேர்த்துப் பரிசோதித்தார்கள். முடிவு 2023-இல் வெளியானது. 4,325 பேரில் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு நோய் இருந்தும் தெரியாமல் இருந்தவர்கள் 110. அந்த முறை பிடித்தது 53 பேரை. பாதிக்கு மேல் நழுவிவிட்டார்கள். மதிப்பெண் அதிகமென்றால் ஊதவையுங்கள். மதிப்பெண் குறைவு, ஆனால் ஆள் வருடா வருடம் சளியோடு வருகிறார் என்றாலும் ஊதவையுங்கள்.

ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வருகிறது. ஆளுக்கோ பத்தடி நடந்தால் இளைக்கிறது. எதை நம்புவது?

எண்ணைப் பார்க்கும் முன் ரிப்போர்ட்டில் வரைந்திருக்கும் ஊதல் கோட்டைப் பாருங்கள். ஆரம்ப நிலை மருத்துவத்தில் சிஓபிடி தவறிப்போவதற்கு, எங்கள் கணிப்பில், கருவி இல்லாததைவிட மோசமாக ஊதிய ரிப்போர்ட்டே பெரிய காரணம்.

ஒரு எடுத்துக்காட்டு. மருந்து கொடுத்த பிறகு ஒருவர் முதல் நொடியில் வெளியேற்றிய காற்று, அதாவது எஃப்இவி1, 1.41 லிட்டர். கடைசிவரை ஊதியதில் வந்த மொத்தக் காற்று, எஃப்விசி, 2.31 லிட்டர். வகுத்தால் 0.61. இது 0.70-க்குக் கீழே, அடைப்பு இருக்கிறது. அதே ஆள் மூன்றாவது நொடியிலேயே களைத்து வாயை எடுத்துவிட்டால் மொத்தம் 1.80 லிட்டரோடு நின்றுவிடும். 1.41-ஐ 1.80-ஆல் வகுத்தால் 0.78. நோய் 'காணாமல்' போய்விட்டது! அடைப்பு உள்ளவருக்குக் காற்று மெதுவாகத்தான் வெளியேறும், அந்த வாலை அறுத்தால் விகிதம் ஏறிவிடும். அளவு-நேரக் கோடு மேலே ஏறிப் படுத்து சமதளமாக ஓட வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போதே அறுந்தால் அந்த ஊதல் செல்லாது. கடைசி ஒரு நொடியில் 25 மி.லி.க்குக் குறைவாகவே காற்று கூடியிருக்க வேண்டும், அல்லது 15 நொடி ஊதியிருக்க வேண்டும்.

ஊதவைக்கும்போது நடக்கும் தவறுகள்: "மெழுகுவத்தி அணைப்பது போல ஊதுங்க" என்பது முதல் தவறு. ஒரு நொடியில் அணைத்துவிட்டு நிமிர்ந்து உங்களைப் பார்ப்பார். பீப்பி ஊதுகிற மாதிரி கன்னத்தை உப்பவைப்பது, உதட்டோரம் காற்று கசிவது, நாக்கு குழாயை அடைப்பது, முன்னால் குனிந்துவிடுவது, முதல் நொடியிலேயே இருமுவது, எல்லாமே எண்ணைக் கெடுக்கும். நிமிர்ந்து உட்காரவையுங்கள், கைப்பிடி உள்ள நாற்காலியில், தலைசுற்றி விழக்கூடும். மூக்குக்கு கிளிப். நெஞ்சு நிறைய இழுத்து, தயங்காமல் ஒரே வெடிப்பாக ஊதி, பிறகு நீங்கள் பக்கத்திலிருந்து "இன்னும், இன்னும், விடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் கொடுக்காத செவிலியருக்கு நல்ல ரிப்போர்ட் கிடைக்காது. ஏற்கத்தக்க ஊதல் மூன்று வேண்டும். அவற்றில் பெரிய இரண்டும் 150 மி.லி.க்குள் ஒத்துப்போக வேண்டும். எட்டு முறைக்கு மேல் வேண்டாம், இன்னொரு நாள் வரச்சொல்லுங்கள்.

காலையில் 3 லிட்டர் சிரிஞ்சால் கருவியைச் சரிபார்க்கும்போது 2.91-க்கும் 3.09-க்கும் இடையே காட்ட வேண்டும். உயரத்தைக் கேட்டு எழுதாதீர்கள், செருப்பைக் கழற்றி அளந்து எழுதுங்கள். ஆளுக்கொரு கிருமி வடிகட்டி கட்டாயம், அட்டைக்குழாய் அதற்கு ஈடாகாது. மாரடைப்பு வந்து ஒரு வாரம் ஆகாதவரையும் அண்மையில் கண், வயிறு, நெஞ்சில் அறுவை சிகிச்சை செய்தவரையும் ஊதவைக்காதீர்கள்.

மருந்து கொடுத்துக் கால் மணி நேரம் காத்திருக்க நோயாளிகளுக்குப் பொறுமையில்லை. முதல் ஊதலோடு விட்டுவிடலாமா?

முதல் ஊதலில், முழுமையாக ஊதியிருக்கிறார் என்ற நிபந்தனையோடு, விகிதம் 0.70 அல்லது அதற்கு மேல் வந்தால் பெரும்பாலும் அதோடு விட்டுவிடலாம். குறைந்தால் காத்திருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஆஸ்துமாக்காரருக்கும் சிஓபிடி முத்திரை குத்திவிடுவீர்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் 400 மைக்ரோகிராம் தேவை. 100 மைக்ரோகிராம் இன்ஹேலர் என்றால் நான்கு பஃப், ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் மருந்துக் கூடு) வழியாக, ஒவ்வொன்றாக. ஒவ்வொரு பஃபுக்கும் முன் குலுக்கி, உள்ளே இழுத்தபின் பத்து நொடி மூச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள். நான்கையும் ஒரேயடியாக ஸ்பேசருக்குள் அடித்தால் பாதி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாக உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி, மருந்தை அதுவே இழுத்துக்கொள்ளும்.

பிறகு 10 முதல் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதல். எஃப்இவி1 400 மி.லி.க்கு மேல் குதித்தால் ஆஸ்துமாவைப் பலமாகச் சந்தேகியுங்கள். காலையில் தன் இன்ஹேலரை அடித்துவிட்டு வந்தவரிடம் இந்த வித்தியாசம் தெரியாது. சால்புட்டமாலை 4 முதல் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

எக்ஸ்ரே, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இரண்டும் இருக்கின்றன. போதாதா?

போதாது. எக்ஸ்ரே காசநோய், கட்டி, இதய வீக்கத்தைப் பார்க்க. ஆக்சிமீட்டர் 97 காட்டும்போதும் நுரையீரலில் பாதித் திறன் போயிருக்கலாம்.

எங்களிடம் பீக் ஃப்ளோ மீட்டர் மட்டும்தான் இருக்கிறது.

வடிகட்டப் பயன்படுத்துங்கள், முடிவுசெய்ய வேண்டாம். நின்றுகொண்டு, முள்ளைப் பூச்சியத்துக்கு இறக்கி, மூன்று முறை ஊதவைத்து அதிகமானதை எழுதுங்கள். கேப்சர் முறையில் பெண்களுக்கு 250, ஆண்களுக்கு 350 லிட்டர்/நிமிடம் என்பது எல்லை. அது அமெரிக்க உடல்வாகுக்கு வைத்த எண். நம் ஊரில் உயரம் குறைந்த பாட்டி ஒருவர் நோயே இல்லாமலும் அதற்குக் கீழே ஊதுவார். எல்லைக்குக் கீழே வந்தால் ஸ்பைரோமெட்ரிக்கு அனுப்புங்கள். மேலே வந்துவிட்டது, ஆனால் தொந்தரவு இருக்கிறது என்றாலும் அனுப்புங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. புகைத்ததே இல்லை, தினமும் மூன்று கிலோமீட்டர் நடக்கிறார். மாஸ்டர் செக்-அப்பில் விகிதம் 0.68 என்று வந்து இன்ஹேலர் எழுதிக்கொடுத்துவிட்டார்கள்.

வயதாக ஆக அந்த விகிதம் இயல்பாகவே இறங்கும். 0.70 என்பது எல்லாருக்கும் பொதுவாகப் போட்ட கோடு. அதனால் முதியவர்களில் நோயில்லாதவரும் மாட்டுவார்கள், இளையவர்களில் நோயுள்ளவர் தப்பிப்பார்கள். மருந்துக்குப் பின் விகிதம் 0.60-க்கும் 0.80-க்கும் இடையே வந்தால் இன்னொரு நாள் திரும்ப ஊதிப் பார்க்க வேண்டும் என்பதுதான் உலக வழிகாட்டுதல். வயதுக்குரிய கீழ் எல்லையோடும் ஒப்பிடச் சொல்லுங்கள். தொந்தரவில்லாதவருக்கு இந்த ஒரு எண்ணை வைத்து இன்ஹேலர் தேவையில்லை. மருந்தை நிறுத்துவதைப் பற்றி எழுதியவரிடமே பேசுங்கள்.

கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது? குணமாகாத நோய்தானே?

கெட்ட பகுதி திரும்பாது, உண்மை. ஆனால் கனடாவில் தொலைபேசியில் விசாரித்துத் தேடிக் கண்டுபிடித்த, அதுவரை ஆஸ்துமாவோ சிஓபிடியோ இருப்பது தெரியாதிருந்த 508 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. நுரையீரல் மருத்துவரும் நோயாளிக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளரும் சேர்ந்து கவனித்தவர்கள் மூச்சுத் தொந்தரவுக்காக மருத்துவ உதவி தேடியது ஆளுக்கு ஆண்டுக்கு 0.53 முறை, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் 1.12 முறை.

புகையை விடுவது முதல் சிகிச்சை. நுரையீரல் தேய்வின் வேகத்தை அது குறைக்கிறது. ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி, கூடவே நிமோகோக்கல் தடுப்பூசி. மூச்சுக்குழாயை விரிக்கும் நீண்டநேர இன்ஹேலர். இளைத்தால் போட்டுக்கொள்ள என்று மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குவது வேண்டவே வேண்டாம். சர்க்கரையும் எலும்புத் தேய்வும்தான் கூடவரும்.

இன்ஹேலரை எழுதிக்கொடுத்த அன்றே உங்கள் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். பொடி மருந்தை வேகமாக இழுக்க வேண்டும், ஸ்ப்ரே மருந்தை மெதுவாக. பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். பொடி மருந்து அடைத்த ரோட்டாகேப் குப்பியைத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறவர்களும் உண்டு. "மருந்து கேட்கவே இல்லை" என்று அடுத்த மாதம் வருகிறவரிடம் டோஸை ஏற்றும் முன், பையிலிருந்து கருவியை எடுக்கச் சொல்லி, எப்படிப் போடுகிறார் என்று பாருங்கள்.