காற்பந்துச் சங்கம் யாருடையது?

கேள்வி: ஆசியாவிலேயே பழமையான காற்பந்துச் சங்கம் நம்முடையது, 1892ல் தொடங்கியது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். இத்தனை வயதாகியும் உலகக் கிண்ணப் போட்டிக்கு ஒரு தடவைகூட சிங்கப்பூர் ஏன் போகவில்லை? – ஈசூன் வாசகர்

பதில்: உலகக் கிண்ணத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 'நம்முடையது'. சங்கம் எப்போதெல்லாம் நம்முடையதாக இருந்தது, எப்போதெல்லாம் இல்லை என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

1892ல் அதை ஆரம்பித்தவர்கள் வேலைக்காகவும் காவலுக்காகவும் இங்கே வந்திருந்த வெள்ளைக்காரர்கள். அந்த வருஷம் நடந்த முதல் சேலஞ்ச் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் இஞ்சினியர்ஸ் அணி. 1921ல் தொடங்கிய மலாயாக் கிண்ணமும் 'எச்எம்எஸ் மலாயா' என்ற போர்க்கப்பல்காரர்கள் தந்ததுதான். முதல் இறுதியாட்டத்தில் சிலாங்கூரை 2-1 என்று வென்றோம். 1929 கடைசியில் ஜாலான் புசார் விளையாட்டரங்கம் திறந்தது. தேக்கா சந்தையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய இடம். இன்று அங்கே ஆட்டம் பார்க்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும், 1942ல் ஜப்பானியர்கள் சீன ஆண்களைக் கூட்டி வைத்து, யாரைக் கொல்வது யாரை விடுவது என்று பிரித்த இடங்களில் அதுவும் ஒன்று என்பது? பள்ளிக்கூடத்தில் சூக் சிங் என்ற அந்தப் படுகொலை பற்றிச் சொல்லித் தருகிறோம், அந்தப் புல்தரையையும் காட்ட வேண்டும்.

சரி, சங்கம் உண்மையிலேயே நம்முடையதாக ஆனது எப்போது? என்னைக் கேட்டால் 1970களில். வழக்கறிஞர் ந. கணேசன் தலைமையேற்று நடத்திய காலம். காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் 1973ல்தான் திறந்திருந்தது, 55,000 பேர் உட்காரலாம். அவ்வளவு பெரிய இடத்தை வாடகைக்கு எடுத்து, ஆள் வராவிட்டால் கடனில் முழுக வேண்டும் என்று தெரிந்தே, மலேசியக் கிண்ண (பழைய மலாயாக் கிண்ணம்தான்) ஆட்டங்களை ஜாலான் புசாரிலிருந்து அங்கே கொண்டுபோனார். கூட்டம் வந்தது. 'காலாங் முழக்கம்' என்று இன்றும் பேசுகிறோமே, அது அங்கே பிறந்ததுதான். 1977 மே மாதம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் பினாங்கைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வீழ்த்திப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குவா கிம் சோங் இரண்டு கோல் போட்டார். 'அங்கிள்' சூ செங் குவீ என்ற அந்தப் பயிற்றுநர் அப்புறம் ஒரு காலையே இழந்தார். ஆட்டக்காரர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் வாடகைப் பணத்துக்குப் பொறுப்பேற்று முன்னால் நின்றவரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்று பல வருஷமாக இந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டே இருக்கிறேன். இன்னும் எழுதுவேன்.

இந்த இடத்தில் ஒரு பழைய சண்டையையும் எடுக்க வேண்டியிருக்கிறது. 'நம் ஆட்களுக்குக் கிரிக்கெட்தான், காற்பந்தெல்லாம் மலாய்க்காரர்களுக்கு' என்று ஒரு வாசகர் முன்பு எழுதியிருந்தார், அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை, எனக்கும்தான். 1977 அணியின் தலைவர் சமத் அல்லாபிச்சை. மூலையிலிருந்து பந்தை வளைத்து நேராக வலைக்குள் அனுப்பிய எஸ். ராஜகோபால் யார்? வி. சுந்தரமூர்த்தி ஆடுவதைப் பார்த்த யாராவது அதை மறந்திருக்கிறார்களா? 1998ல் ஹனோயில், வியட்நாமின் சொந்த ரசிகர்கள் நடுவில், டைகர் கோப்பை இறுதியாட்டத்தின் ஒரே கோலைப் போட்டு நமக்கு முதல் தென்கிழக்காசியப் பட்டத்தை வாங்கித் தந்தது ஆர். சசிகுமார். மலாய்க்காரர், சீனர், தமிழர், எல்லாரும் ஒரே சட்டையில் வியர்வை சிந்திய விளையாட்டு இது. ஒரு இனத்துக்கு எழுதிக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

அப்புறம் 1994. ஷா ஆலமில் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பகாங்கை 4-0, அப்பாஸ் சாட் மூன்று கோல், லீக், கிண்ணம் இரண்டும் ஒரே வருஷத்தில். ஆயிரக்கணக்கானவர்கள் பஸ் ஏறிக் கடற்பாலத்தைத் தாண்டிப் போனார்கள். அடுத்த வருஷமே நாம் அந்தப் போட்டியில் இல்லை. நுழைவுச்சீட்டு வசூலை எப்படிப் பங்கிடுவது என்று மலேசியச் சங்கத்தோடு தகராறு, ஆட்ட நிர்ணய ஊழல் வேறு. 1996ல் எட்டு அணிகளோடு எஸ்-லீக் தொடங்கியது. சொந்த லீக் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு தலைமுறை ஜோகூரோடும் சிலாங்கூரோடும் மோதி வளர்த்த பகையையும் பாசத்தையும் ஒரே கூட்டத்தில் வெட்டிவிட்டார்கள். ரசிகனை யாரும் கேட்கவில்லை. அந்தக் கூட்டம் பிறகு சனிக்கிழமை இரவானால் தொலைக்காட்சியில் இங்கிலாந்து லீக் பார்க்கப் போய்விட்டது, இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. 2012 முதல் 2015 வரை நம் லயன்ஸ் 12 அணி மலேசிய லீக்கில் திரும்ப ஆடி, 2013ல் சுந்தரமூர்த்தியின் பயிற்சியில் பட்டமும் வென்றது. அதையும் நிறுத்திவிட்டார்கள்.

சங்கத்தின் தலைவரையும் ரொம்ப காலம் உறுப்பு அணிகள் தேர்ந்தெடுக்கவில்லை. அரசாங்கம்தான் நியமித்தது, பெரும்பாலும் அரசியல்வாதிகளை. வெளியார் தலையீடு கூடாது என்ற ஃபிஃபா விதியால், 2017ல்தான் முதல் தேர்தல், லிம் கியா டோங் வென்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள், 125 வருஷம்! நம் தமிழ்ச் சங்கங்களிலும் தேர்தல் என்ற பெயரில் நடப்பது பல இடங்களில் கைத்தட்டல்தான், ஆண்டறிக்கையை எத்தனை உறுப்பினர் படிக்கிறார்கள்? அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், கடிதங்கள் வரட்டும்.

இப்போது உலகக் கிண்ணம். 1998ல் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் 2010 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற வேண்டும் என்று 'கோல் 2010' திட்டத்தை அறிவித்தார். தகுதிச் சுற்றில் மூன்றாம் சுற்றைத் தாண்டவில்லை. இப்போது 2034 என்கிறார்கள். 2025 நவம்பரில் ஹாங்காங்கை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று, ஆசியக் கிண்ணத்துக்கு முதல்முறையாக ஆடியே தகுதி பெற்றோம். 1984ல் நாம் ஆடியது போட்டியை நடத்திய நாடு என்பதால். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் ஆட்டக்காரன் வானத்திலிருந்து விழ மாட்டான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் காற்பந்து விளையாடக் கூடாது என்று பலகை மாட்டுகிறோம். 2016ல் குவீன்ஸ்டவுனில் ஒரு கீழ்த்தளத்தில் பந்து உதைக்க முடியாதபடி இரும்புத் தடுப்பே போட்டார்கள், ஊரே கத்திய பிறகுதான் எடுத்தார்கள். துணைப்பாட வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு வரும் பையன் எங்கே போய் உதைப்பான்? ஈசூன் வாசகரே, உங்கள் புளோக்கில் அந்தப் பலகை இருந்தால் நகர மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், மாலை ஐந்திலிருந்து எட்டு வரையாவது பிள்ளைகளை விடச் சொல்லி. பிரதியை எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.