மாதிரியைக் குறை சொல்லும் முன்

வணக்கம். திருமணம், கருத்தடை, பாலூட்டல் போன்றவை பிறப்புகளை எவ்வளவு குறைக்கின்றன என்று கணிக்கும் போங்கார்ட்ஸ் மாதிரியில் கணக்கிட்ட மொத்தக் கருவுறுதல் விகிதம் (ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை) கள ஆய்வின் விகிதத்தைவிட மிகக் குறைவாக வருகிறது, குவாண்டம் இயற்பியலிலும் மாதிரிகள் இப்படிப் பொய்க்குமா என்று கேட்டிருந்தீர்கள். பொய்க்கும், 1913இல் நீல்ஸ் போர் முன்வைத்த அணு மாதிரி, ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகளை அழகாக விளக்கிவிட்டு, இரண்டே எலக்ட்ரான்கள் கொண்ட ஹீலியத்திடம் தோற்றது.

உங்கள் சிக்கல் அதுவன்று. மாதிரியில் விகிதத்தைப் பெருக்கும் காரணிகளுள் ஒன்றான பாலூட்டல் குறியீட்டுக்கு, பேற்றுக்குப் பின் கருத்தரிக்க இயலாத சராசரி மாதங்களை 18.5உடன் கூட்டி, அத்தொகையால் 20ஐ வகுக்க வேண்டும். நீங்களோ பாலூட்டிய 24 மாதங்களையே கூட்டியதால் (நானும் ஒருமுறை இதே குழியில் விழுந்தவன்தான்) 0.47 வந்திருக்கிறது. உங்கள் அட்டவணையிலுள்ள, கருத்தரிக்க இயலாத 10 மாதங்களை இட்டால் குறியீடு 0.70 ஆகும்; விகிதமும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக உயரும்.