மூன்று நாளில் வடதுருவ ஒளி கிடைக்குமா?

கேள்வி: காரைக்குடியிலிருந்து அப்பச்சி, ஆத்தாவோடு வடதுருவ ஒளி (அரோரா) பார்க்க டிசம்பரில் நார்வேயின் ட்ரோம்சோ போகிறோம். மூன்று இரவு போதுமா?

போதாது. ஐந்து இரவாவது வையுங்கள். ட்ரோம்சோ, இந்த ஒளி அடிக்கடி தோன்றும் வளையமான பகுதிக்கு அடியிலேயே, ஏறத்தாழ 69.6 பாகை வடக்கில் இருக்கிறது. அதனால் ஒளிக்குப் பஞ்சமில்லை. கெடுப்பது மேகம்தான். கடலோர ஊர் என்பதால் வானம் மூடிக்கொண்டே இருக்கும். ஸ்வீடனில் உள்ள அபிஸ்கோ என்ற ஊர் மலைகளுக்குப் பின்னால் மழை மறைவில் இருப்பதால் அங்கே வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டையும் சேர்த்துத் திட்டமிடலாம்.

என்னைக் கேட்டால் டிசம்பரை விட்டுவிட்டு மார்ச்சில் போங்கள். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை ட்ரோம்சோவில் சூரியனே உதிக்காது, பெரியவர்களுக்கு அது சோர்வு தரும். மார்ச்சில் பகலில் ஊர் பார்க்கலாம், இரவும் போதுமான அளவு இருட்டாக இருக்கும். அமாவாசையை ஒட்டிப் போனால் இன்னும் நல்லது.

ஒளி முதலில் சாம்பல் நிற மேகக் கீற்று மாதிரிதான் தெரியும். ஏமாந்து உள்ளே போய்விடாதீர்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடம் ஆகும். பிறகு அது பச்சையாகி, வளவு முற்றத்தில் காயும் சேலை காற்றில் அலைவதுபோல் அசையும். சுமார் 100 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் ஆக்சிஜன் விடும் ஒளி அது.

உள்ளுடுப்பு கம்பளியாக இருக்கட்டும், பருத்தி வேண்டாம். பருத்தி வியர்வையைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் குளிர வைக்கும். குளிரில் போன் சார்ஜ் வேகமாக இறங்கும், உள்பையில் வையுங்கள். தேன்குழல், சீப்புச்சீடை கட்டிக்கொள்ளலாம். நெய் பாட்டில் வேண்டாம், பால் பொருள்களை அங்கே அனுமதிப்பதில்லை. நார்வே, ஸ்வீடன் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.