வடமாநிலத் தொழிலாளர்களோடு சேர்ந்து கலைத் திட்டம் நடத்த திருப்பூரில் யார் நிதி தருவார்கள்?

தருவார்கள். ஆனால் மேடைக்குத் தருவார்கள், ஒத்திகைக்குத் தரமாட்டார்கள். உங்களுக்குத் தேவைப்படப்போவது ஒத்திகைக்கான பணம்தான்.

கோவையில் சமூகப்பணி படித்து முடித்த கையோடு கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். நான் அனுப்பர்பாளையம் பக்கம் பவர்டேபிள், அதாவது கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட், நடத்துகிறேன். வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் ஊர் வள்ளி கும்மிக் குழுவில் ஆடுகிறேன். ஒரு சின்ன டிரஸ்ட்டில் பொருளாளராகவும் இருப்பதால், எந்தக் காசு எங்கே போகிறது என்று தெரியும்.

முதலில் சட்டம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய 3 வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகத்துக்குச் செலவிட வேண்டும். இதைத்தான் சிஎஸ்ஆர் என்பார்கள். கலையும் பண்பாடும் அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கின்றன. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நம்ம ஊர் பனியன் தொழிலில் பாதிக்கு மேல் தனி உரிமையாளர் அல்லது பார்ட்னர்ஷிப். அவர்களை இந்தச் சட்டம் தொடவே தொடாது. தொடுகிற பெரிய கம்பெனிக்கும் ஒரு தடை உண்டு. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் வேலையை சிஎஸ்ஆர் கணக்கில் காட்ட முடியாது. அதனால் ஒரு கம்பெனியின் ஹாஸ்டலுக்குள்ளேயே பிள்ளைகளை ஆடவைக்கலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். பல கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் ஒரு வீதியைப் பிடியுங்கள். உங்கள் அமைப்புக்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர் பணம் வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு, 3 வருட வேலைக் கணக்கு, எல்லாம் கேட்பார்கள். இல்லையென்றால் இருக்கிற ஒரு டிரஸ்ட்டோடு சேர்ந்துகொள்ளுங்கள். மத்திய கலாசார அமைச்சகத்தில் நிகழ்ச்சிகளுக்கான மானியம் 5 லட்சம் வரை உண்டு. வெளிநாட்டுப் பணம் பக்கம் போகாதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் தொட முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு வைத்திருப்பவரும் வாங்கியதை உங்களுக்குக் கைமாற்றித் தர முடியாது.

இனி எங்கள் கதை. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றியது ஞாபகம் இருக்கும். ஹோலி சமயம் வேறு. ஆட்கள் மூட்டை முடிச்சோடு ஸ்டேஷனில் நின்றார்கள், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. லைனில் டெய்லர் இல்லாமல் மிஷின் சும்மா கிடந்த பிறகுதான் எல்லோருக்கும் நல்லிணக்கம் அவசரமாகத் தேவைப்பட்டது. அந்தச் சூட்டில் ஒரு பெரிய கம்பெனி எங்கள் டிரஸ்ட்டைக் கூப்பிட்டது. பெயர் வேண்டாம்.

நாங்கள் கொடுத்த திட்டம் எளிது. எங்கள் பகுதியில் தங்கியிருந்தவர்களில் நிறையப் பேர் மேற்கு ஒடிசா, பலாங்கிர், காலாஹண்டி பக்கம். விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் அவர்களுக்கு நுவாகாய், அதாவது புது அரிசித் திருநாள். அவர்களுடைய டோல், நிசான் என்ற தாளக் கருவிகளும், எங்கள் கும்மியும் தப்பட்டையும் ஞாயிறுதோறும் பழகி, அந்த நாளில் வீதியிலேயே ஆடுவது. செலவில் நாங்கள் பெரிதாக எழுதியது ஒத்திகைதான். டீ, வண்டி வாடகை, தப்பட்டைக்காரர் சம்பளம், அப்புறம் ஆர்டர் நெருக்கும் வாரங்களில் ஞாயிறு ஓவர்டைம் போகாமல் வருகிறவர்களுக்கு அந்தக் கூலி. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவனிடம் சும்மா வந்து ஆடு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதிகாரி பேப்பரைப் பார்த்துவிட்டு, "ஓவர்டைம் காசை சிஎஸ்ஆர்ல எப்படி சார் காட்டறது?" என்றார். டீ, வண்டி, கூலி மூன்றையும் அடித்துவிட்டு, மேடை, ஒலிபெருக்கி, டி-ஷர்ட், டிஜிட்டல் பேனர், வீடியோ எடுப்பவர் என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். மாரத்தான், விருது விழா மாதிரி ஒருநாள் நிகழ்ச்சிகள் கணக்கில் சேராது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2014-லேயே சுற்றறிக்கை போட்டதைக் காட்டினேன். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றார். அது கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கான வரம்பு, எங்கள் டீக்கு இல்லை என்றேன். கேட்டால்தானே. டி-ஷர்ட் வந்தது, பனியன் ஊரில்!

ஒத்திகை நடந்தது தெரிந்தவர்கள் தயவில். செக்கிங் யூனிட் வைத்திருக்கும் ஒருவர் ஞாயிறு மாலை டேபிள்களை ஓரம் தள்ளி ஹாலைக் கொடுத்தார். ஹாஸ்டல் பெண்களை வார்டன் விடவில்லை. கும்மி சொல்லித்தரும் அக்கா நேரில் போய் "நானே கூட்டிட்டு வந்து நானே கொண்டுவந்து உட்றேனுங்" என்று பேசிய பிறகுதான் கேட் திறந்தது. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு ஓவர்லாக் டெய்லர் பையன் டோலில் அடி போடும்போது எங்கள் தப்பட்டைக்காரர் "தம்பி, அதை மறுக்கா அடி" என்று நிறுத்திக் கேட்பார். அந்தப் பையன் அதுவரை இந்த ஊரில் வேலை தவிர எதற்கும் யாராலும் இரண்டாம் தடவை கேட்கப்பட்டதில்லை.

அடுத்த பூச்சாட்டில், அதாவது ஊர் அம்மன் கோயில் திருவிழாவில், நட்ட கம்பத்தைச் சுற்றி ஆடும் கம்பத்து ஆட்டத்துக்கு ஒடிசாக்காரர்கள் தாங்களாகவே வந்தார்கள். திருவிழாவுக்கு வீடு வீடாகக் கோயில் வரி எழுதுகிறவர், வருஷக்கணக்கில் தாண்டிப் போன அவர்களுடைய லைன்வீட்டு வாசலில் நின்று நோட்டைத் திறந்தார். பையன் என்னிடம் வந்து, "அண்ணா, நம்மகிட்டயும் வரி கேட்டாங்க" என்றான். காசு கேட்டதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. கம்பெனிக்கு அனுப்பிய அறிக்கையில் இதற்குக் கட்டம் இல்லை. "பயனாளிகள் எண்ணிக்கை" என்ற கட்டத்தில் மேடைக்கு முன் இருந்த நாற்காலிகளை எண்ணிப் போட்டோம்.

உடனே சிலர் வருவார்கள். கோயிலுக்குள் இழுக்கிறாயா என்பார்கள். வங்காளத்து முஸ்லிம் பையன்களும் அந்த ஹாலில் அடித்தார்கள். பூச்சாட்டுக்கு அவர்கள் வரவில்லை, யாரும் கூப்பிட்டுத் தொந்தரவும் செய்யவில்லை. ஆட்டத்தால் கூலி உயருமா, லைன்வீட்டில் கக்கூஸ் வருமா என்பார்கள். வராது, அதற்குத் தனியாகச் சண்டை போட வேண்டும், போடுங்கள். நம்ம ஊர்க் கலைஞனுக்கே சோறில்லை என்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கைக்காசில் பாதிக்கு மேல் நம்ம ஊர்த் தப்பட்டைக்காரர்களுக்குத்தான் போனது.

சொல்லப்போனால் அவர்கள் வயிற்றில் அடிப்பது வடக்கத்திக்காரன் இல்லை. நம்ம கல்யாணங்கள்தான். கேரளாவிலிருந்து செண்டை மேளம் இறக்க பேரம் பேசாமல் கொடுப்பவர்கள், உள்ளூர் தப்பட்டைக்கு நூறு ரூபாய் குறைக்க மண்டப வாசலில் அரை மணி நேரம் நிற்கிறார்கள். 2024-ல் மேட்டுப்பாளையம் பக்கத்து வள்ளி ஒயில் கும்மி வாத்தியார் பத்திரப்பன் ஐயாவுக்கு பத்மஸ்ரீ கிடைத்தபோது ஸ்டேட்டஸ் வைத்ததும் இதே ஆட்கள்தான். பெண்களையும் கும்மியில் ஆடவைத்தவர் அவர். எங்கள் அக்கா இன்று பாடம் எடுப்பது அவரைப் போன்றவர்களால். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும்.

நீங்கள் கேட்கும்போது மேடையையே எழுதாதீர்கள். "ஆறு மாதப் பயிற்சி" என்று எழுதி, அதற்குள் இடம், பயிற்றுநர் சம்பளம், போக்குவரத்து, சிற்றுண்டி என்று பிரியுங்கள். அந்தத் தலைப்புகளில் டீ கடந்துவிடும். ஓவர்டைம் கூலியை சின்ன முதலாளிகளிடம் கேளுங்கள், சட்டம் தொடாதவர்கள் என்பதால் அவர்களுக்குக் கட்டமும் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் எதுவும் வைக்காதீர்கள், சம்பள நாள்.